வாசகர் கேள்வி – பதில்: சாட்சிக் கையெழுத்து

பதில் அளிப்பவர் பதிவுத்துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி, 2022இல் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர். நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் வசிக்கிறார்.

கேள்வி: நானும் என் தோழியும் பெங்களூரில் வேலை செய்கிறோம். நான் இந்து, அவர் கிறிஸ்தவர். திருமணப் பதிவுக்காக விசாரித்தால், முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்கிறார்கள். மனம் ஒத்த இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்கு அரசாங்கத்தின் அனுமதி எதற்கு? திருமண விஷயத்திலிருந்து அரசு மொத்தமாக விலகிக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? – ஒரு வாசகர், குன்னூர்

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியோடு எனக்கு வழக்கு உண்டு.

ஏற்றுக்கொள்ளும் பாதியை முதலில் சொல்கிறேன். மலையில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் வாசலில் கம்பிவலை போட்ட அறிவிப்புப் பலகை இருந்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி வரும் அறிவிப்புகளை அதில்தான் ஒட்டுவோம். பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் அதில் இருக்கும். ஐப்பசி மழையில் பசை காயாது. தாளின் ஓரம் சுருண்டுகொள்ளும். அலுவலக உதவியாளர் தினமும் காலையில் அதை விரலால் நீவிவிடுவார். ஒருநாள் மதியம் ஒருவர் அந்த வலைமேல் செல்பேசியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். யாரென்று கேட்டேன். "பெண்ணுக்குத் தாய்மாமன்" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது நாள் கழித்து அந்த இருவரும் வரவில்லை. மூன்று மாதத்தில் அறிவிப்பு காலாவதியாகும். ஆனதும் கோப்பின் ஓரத்தில் தேதி போட்டு மூடியவள் நான். அந்தப் பெண்ணின் முகவரி எனக்கு இன்றும் மனப்பாடம். அவள் என்ன ஆனாள் என்பது தெரியாது.

ஒரே மதத்தைச் சேர்ந்த இருவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் இந்து திருமணச் சட்டப்படி பதிவுக்கு வந்தால் இப்படிப் பலகையில் ஒட்டுவதில்லை. மதம் கடந்து சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடுகிறவர்களுக்கு முப்பது நாள். அதோடு விடுவதில்லை. நிரந்தர வீடு வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அதிகாரிக்கும் நகல் போகும், அங்கும் ஒட்டுவார்கள். வீட்டாருக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த பெண்ணின் பெயரை, அவள் பயந்த அதே ஊரின் சுவரில் அரசே ஒட்டுகிறது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், இந்த அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பது மணமக்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது உத்தரப் பிரதேசத்தைத் தாண்டி நம்மைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தின் அந்தப் பிரிவுகளையே எடுத்துவிட வேண்டும். பணியில் இருந்தபோது வெளியே சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன்.

உத்தரகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம் இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும் பதிவு செய்ய வேண்டும், தவறினால் சிறைகூட உண்டு என்கிறது. அரசு அந்தக் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. இதில் நான் உங்கள் பக்கம்.

இனி என் வழக்கு. என் பெற்றோர் இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 1959இல் மணம் முடித்தவர்கள். மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி சாட்சியாக நின்றார், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். தாள் எதுவும் கிடையாது. அதற்குத் தேவையும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கினார்கள். அதில் நாங்களும் அடக்கம். 1973இல், எனக்குப் பதினோரு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள்.

1981இல் அப்பா இறந்தார். அவருடைய பி.எஃப். பணத்துக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இவர்தான் மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?" ஒரு தாளில் அம்மாவின் பெயர் ஒரு விதமாக இருந்தது, இன்னொரு தாளில் வேறு விதமாக இருந்தது. அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் தாலியை வாங்கிவிட்டார்கள். தம்பி, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வருடம் அம்மாவிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கயிறு. அது பேச வேண்டிய நாளில் அதைக் கழற்றி வைப்பதுதான் நம் வழக்கம்.

இரண்டரை வருடம் அலைந்தோம். அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் கங்காணி இறந்துவிட்டார், சித்தி இலங்கையிலேயே தங்கிவிட்டார், மற்றவர்கள் கப்பலில் வந்து திசைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். கடைசியில் கூடலூர்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில், அன்று தப்பு மேளம் அடித்தவர் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது. பஸ்ஸில் போய் அழைத்து வந்தோம். அவர் வட்டாட்சியர் முன்னால் நின்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அன்னிக்கு நல்ல மழைங்க. தப்பு நனைஞ்சு சத்தமே வரல. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிச்சேன். இந்தப் புள்ள தாலிய அந்தப் புகைக்குள்ளதான் கட்டுனாங்க." வட்டாட்சியர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒரு மனிதரின் ஞாபகத்தில் வைக்கோல் புகை தங்கியிருந்ததால் என் அம்மா மனைவியானார். அவர் ஒரு வருடம் முன்னால் இறந்திருந்தால்?

நான் பதிவுத்துறைத் தேர்வு எழுதியதற்குக் காரணம் அந்த மேசைதான்.

நீங்கள் கேட்கலாம், அரசு இல்லாத காலத்திலும் மக்கள் வாழ்ந்தார்களே என்று. வாழ்ந்தார்கள். ஆனால் எந்தச் சமூகமும் திருமணத்தை இருவருக்கு மட்டுமான ரகசியமாக விட்டுவைக்கவில்லை. இந்த மலையையே பாருங்கள். தோடர்களிடம், மனைவி ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது, மரத்தில் மாடம் போலக் குடைந்து விளக்கு வைத்து, அதன் முன்னால் சிறு வில்லும் புல்லால் ஆன அம்பும் கணவன் கொடுக்கும் சடங்கு உண்டு. வில்லைக் கொடுத்தவரே ஊரறியத் தந்தை. என் கணவர் படகர். அவர்களிடமும் ஏழாம் மாதத்தில் மனைவியின் கழுத்தில் 'கண்ணி' என்ற நூல் கட்டும் வழக்கம் இருந்தது. கட்டும் முன் மாமனாரிடம் எல்லார் முன்னிலையிலும் உத்தரவு கேட்க வேண்டும். பிறக்கப் போகும் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஊர் சாட்சி. ஹட்டி என்ற படகர் ஊர் அங்கேயே இருக்கும், சாட்சிகளும் அங்கேயே இருப்பார்கள். எங்களைப் போல ஊரே இல்லாமல் வந்தவர்களுக்கு யார் சாட்சி? வீட்டை எதிர்த்து வர நேர்ந்தால் உங்கள் தோழிக்கு எந்த ஊர் சாட்சி சொல்லும்?

அரசு கண்டுகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 1928இல் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி மணந்து பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். ஒரு சொத்து வழக்கு வந்தபோது, 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த முறைத் திருமணம் செல்லாது என்றது. அத்தனை பெண்களும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாமல் போனார்கள். அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தார். உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும், தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலும் போதும். முன்பே நடந்த திருமணங்களுக்கும் அது செல்லும். அதில் கையெழுத்து விழுந்த அன்று எத்தனை பாட்டிகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

சாட்சிப் புத்தகம் வைத்திருக்கிறவர், யாரை எழுதுவது யாரை விடுவது என்று தானே தீர்மானிக்கத் தொடங்குவதும் உண்டு. திருநங்கை ஒருவர் மணமகளாகப் பதிவு செய்ய வந்தபோது தூத்துக்குடியில் எங்கள் துறை மறுத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் அலுவலகத்தில் சத்தமாகப் படித்தேன்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். இருவரில் ஒருவர் முப்பது நாள் வசித்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம். ஆகவே பெங்களூரிலேயே கொடுங்கள். குன்னூருக்கு நகல் வரும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் சொல்வதானால் தாள் வருவதற்கு முன்னால் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள். ஆபத்து இருக்கும் என்று தோன்றினால் வழக்கறிஞர் ஒருவரை முன்கூட்டியே பார்த்து, காவல் பாதுகாப்புக்கு மனுவைத் தயாராக வைத்திருங்கள். திருமண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். முப்பது வருடம் கழித்தும் உங்களோடு நட்பாக இருக்கப் போகிறவர்களாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: என் அப்பா போன மாதம் இறந்துவிட்டார். அம்மாவும் அவரும் 34 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கோயிலில் நடந்த திருமணம், பதிவு செய்யவில்லை. பெரியப்பா மகன்கள், "உன் அம்மா சட்டப்படி மனைவியே இல்லை" என்கிறார்கள். – ஒரு வாசகி, கூடலூர்

பதில்: மகளே, அவர்கள் சொல்வது பொய். பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் எந்தத் திருமணமும் செல்லாததாகிவிடாது. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைச் சட்டம் தம்பதி என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 1978இல், ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியின் திருமணத்தைக் கேள்வி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை வந்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத் திருமணத்துக்கு நேரில் பார்த்த சாட்சியைக் கொண்டுவா என்றால் யார்தான் கொண்டுவர முடியும் என்பதே அங்கு பேசப்பட்டது.

அழுதுகொண்டு உட்கார வேண்டாம். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, உங்கள் பள்ளிச் சான்றிதழ், அப்பா வேலை பார்த்த இடத்தில் கொடுத்த வாரிசு நியமனப் படிவம், கல்யாணப் போட்டோ, மொய் நோட்டு எது கிடைத்தாலும் எடுத்து ஒரே பையில் போடுங்கள். மொய் நோட்டைத் தேடுங்கள். அதில் தேதி இருக்கும், ஊர்க்காரர் ஐம்பது பேர் பெயர் இருக்கும். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். தகராறு செய்தால் உதகமண்டலத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். அம்மாவை நீங்களே கைபிடித்துக் கூட்டிப் போங்கள். தனியாக அனுப்ப வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. எங்களுக்குத் தெரியாமல் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பெற்று வளர்த்தவர்களின் கையெழுத்து இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்று அரசு சட்டம் போட வேண்டாமா? – ஒரு தந்தை, அரவேணு

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் பக்கத்தில், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன ஸ்வெட்டரை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்கும் சட்டம் வரக் கூடாது.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பிவிட்டால் முடிவு அவர்களுடையது. குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, இப்படி மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்கவும் உத்தரவிட்டது. அப்படி உத்தரவிட வேண்டிய நிலை ஏன் வந்தது? 2016 மார்ச் மாதம், பட்டப்பகலில், உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகில் ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம் திருமணம். அது நடந்த இடம் இந்த மலையிலிருந்து இறங்கினால் சில மணி நேரப் பயணம். பெற்றோர் கையெழுத்து கட்டாயம் என்ற சட்டம் இருந்தால், கையெழுத்துப் போட மறுக்கும் வீட்டில் அந்தப் பெண் அடைபட்டுக் கிடப்பாள். உங்களைப் போல ஸ்வெட்டரைப் பத்திரப்படுத்தும் அப்பாவுக்கும், கத்தியைத் தேடும் அப்பாவுக்கும் சட்டம் வேறு வேறாக எழுத முடியாது.

என் மாமனார் ஆறு வருடம் என்னை வீட்டுக்குள் அழைக்கவில்லை. ஏழாவது வருடம் அவரே வந்தார். அந்த ஆறு வருடம் எங்கள் இருவருக்குமே திரும்பக் கிடைக்கவில்லை. நீங்கள் இந்த வாரமே அந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பதினாலு வயதில் கல்யாணம். நன்றாகத்தான் வாழ்ந்தேன். பேத்திக்கு இன்னும் ஆறு மாதத்தில் 18 ஆகிவிடும். நல்ல வரன் வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்காக அரசாங்கம் தடுப்பது சரியா? – ஒரு பாட்டி, ஊட்டி

பதில்: சரிதான் அம்மா. நல்ல வரனாக இருந்தால் ஆறு மாதம் காத்திருக்கட்டும். காத்திருக்க மாட்டேன் என்றால் அது நல்ல வரன் இல்லை.

1929இல் சாரதா சட்டம் பெண்ணின் வயதை 14 என்று வைத்தது. 1978இல்தான் அது 18 ஆனது. என் மேசைக்கு ஒருமுறை பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஒன்று வந்தது. பிறந்த வருடத்தில் ஓர் எண் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சம் ஊசிமுனை அளவு தெரிந்தது. நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த முகம் அது. உங்கள் பேத்தியிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். இப்படி ஒரு திருமணம் நடக்கப் போவது தெரிந்தால் எந்தக் குழந்தையும் எந்தப் பக்கத்து வீட்டாரும் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

கேள்வி: வெளிநாடு போக வேண்டியிருப்பதால் இப்போது பதிவு மட்டும் செய்துகொண்டு, சடங்கை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இந்து திருமணச் சட்டப்படி அப்படிச் செய்யாதீர்கள். சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிய ஒரு ஜோடியின் வழக்கில், அந்தத் தாளால் திருமணம் ஆகிவிடவில்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு 7அ இருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளுங்கள், அரைமணி நேரம் போதும், பிறகு பதியுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரும் திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. பெரிய விருந்தை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் திருமணத்தைப் பதிவு செய்தீர்களா? – ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: செய்தோம். 1989 பிப்ரவரி. தோழி வீட்டு முற்றத்தில் மாலை மாற்றிக்கொண்டு அங்கிருந்தே அலுவலகத்துக்கு நடந்து போனோம். என் பக்கத்துச் சாட்சி என் அம்மா.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதுவரை எல்லாவற்றுக்கும் கைநாட்டுத்தான். கொழுந்து எடுத்து எடுத்துக் கறை ஏறி வெடித்திருந்த பெருவிரலில் ரேகை சரியாக விழாது. மை தடவி அழுத்தினால் கறுப்பாக ஒரு வட்டம் விழும், அவ்வளவுதான். இந்தப் பதிவேட்டில் அப்படி விழக் கூடாது என்று அம்மா தீர்மானித்துவிட்டார். என் தங்கையிடம் ஒரு மாதம் பாடம் கேட்டார். கொழுந்து நிறுத்த சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் தன் பெயரையே எழுதி எழுதி அடுக்கினார்.

அன்று பதிவாளர் பேனாவை நீட்டியபோது அம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டு, நின்றுகொண்டே எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்தான 'ள்' கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலு அடி நடந்தவர், நின்று, திரும்பி வந்து, "ஐயா, அதைக் கொஞ்சம் குடுங்க" என்று மறுபடி வாங்கி, அந்த 'ள'வின் தலையில் புள்ளியை வைத்தார்.